மழை பார்க்காத ஒர்க்‌ஷாப்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முதலில் முழங்காலுக்குப் போகும். அப்புறம் சர்க்கரைக்கு. கடைசியில் பிள்ளைகள் கட்டுகிற வீட்டில் வந்து நிற்கும். என் மருமகன் கோவில்பட்டி பைபாஸ் பக்கம் மனை வாங்கிப் போட்டிருக்கிறார். வீடு பிறகாம். முதலில் காருக்கும் பைக்குக்கும் ஒரு கராஜ், அதோடு சேர்ந்தாற்போல ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். ஞாயிற்றுக்கிழமையானால் போனில் வெள்ளைக்காரர்கள் தங்கள் வீட்டில் கராஜ் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சுவர் நிறைய ஸ்பேனர் தொங்குகிறது, தரை முகம் பார்க்கிற மாதிரி மின்னுகிறது. அந்தத் தரையில் சாப்பாடு போட்டுச் சாப்பிடலாம் போல இருக்கிறது.

போன வாரம், “நடுவுல ஒரு பிட்டும் போட்டுரலாம்னு இருக்கேன் அத்தே” என்றார். பிட் என்றால் குழி. காரை மேலே நிறுத்திவிட்டு, மெக்கானிக் உள்ளே இறங்கி நின்று அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கான நீளக் குழி.

“கரிசல்ல குழி போடுதீங்க. ஒரு மழை பாத்துக்கிடுங்க மாப்ளே” என்றேன்.

சிரித்தார். இன்ஜினியர் எல்லாம் பார்த்துக்கொள்வாராம். மாமியார் பேச்சுக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான் என்று முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் பாதியில் எழுந்து போகமாட்டீர்கள். முழங்கால் விடாது.

கோவில்பட்டிக்கும் எப்போதும்வென்றானுக்கும் நடுவில், டிரைவருக்கு மனசிருந்தால் பஸ் நிற்கும் ஊர் எங்களுடையது. எனக்கு அப்போது பதினோரு வயது. வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான். அப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல் காடு, அதில் பருத்தியும் கம்பும். ஒரு ஜோடி மாடு. அம்மாவும் நானும் பொழுது கிடைத்தபோதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவோம். அண்ணன் கோவில்பட்டியில் ஒரு மெக்கானிக்கிடம் தொழில் பழகி, அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் பஸ்ஸில் போய்விட்டு வருவான். அவன் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் மண்ணெண்ணெய் வாடை நுழையும். புல்லட்டு ஒன்று தூரத்தில் வந்தால் சாப்பிடுகிற கையை நிறுத்திக் கேட்பான். “டைமிங் சரியில்ல” என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிடுவான்.

அவனுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். பெரியண்ணன். எனக்கு அவன் முகம் சரியாக நினைவில்லை, முதுகுதான் நினைவிருக்கிறது. பச்சைத் தகரப் பெட்டியோடு பம்பாய்க்கு பஸ் ஏறினான். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு நின்றுபோனது. அப்பா ஒரு தடவை பம்பாய்க்கே போய்த் தேடினார். போன சட்டையோடு திரும்பி வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் நேரே காட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் நின்றதே இல்லை. கோவில்பட்டிக்குப் போக வேண்டுமென்றாலும் காட்டு வழியாக நடந்து அடுத்த ஊரில் போய் ஏறுவார். ஏனென்று அம்மாகூடக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் கேட்கிற வழக்கம் கிடையாது.

அந்தப் பங்குனியில் யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து ஓர் ஏஜென்ட், வெள்ளைச் சட்டை போட்டவன், அண்ணன் வேலை பார்க்கிற இடத்துக்கு வந்துவிட்டுப் போனானாம். துபாயில் கார் மெக்கானிக்குக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஐப்பசியில் விசா வந்துவிடுமாம்.

அப்பா அண்ணனைக் கேட்கவில்லை. கோபப்படவும் இல்லை. மறுநாள் காலையில் நான் எழுந்து வெளியே வந்தபோது மாட்டுத் தொழுவத்தின் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கூளமும் தூசியும் முற்றம் முழுக்கப் பறந்தன. மாடுகள் வேப்பமரத்தடியில் நின்று, தங்கள் வீடு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“என்ன செய்யுதீங்க?” என்று அம்மா ஓடிவந்தாள்.

“சின்னவனுக்கு ஒர்க்‌ஷாப் போடப் போறேன். வீட்டோடயே.”

“மாடு எங்க கெடக்கும்?”

“மாடு எங்கனயும் கெடக்கும்.”

அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தானும் கூரைமேல் ஏறிவிட்டான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கரிசலில் கட்டடம் எழுப்புவது செம்மண் கிடக்கிற செவல் காட்டில் எழுப்புவது போல அல்ல. எங்கள் மண் கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் ஆட்டுக்குட்டியின் கால் போய்விடும், செருப்பு போனால் போனதுதான். மழை பெய்தால் அதே மண் உப்பும். உப்பும்போது வீட்டையே தூக்கும். அதனால் அஸ்திவாரத்துக்கு வானம் என்கிற பள்ளத்தைத் தோண்டினால் சுக்கான் கல் தட்டுகிற வரை தோண்டி, செவல் மண்ணும் ஆற்று மணலும் கொட்டி, அப்படியே போட்டுவிட வேண்டும். ஓர் ஐப்பசி கார்த்திகை மழை அதன்மேல் பெய்து, மண் ஆடுகிற ஆட்டமெல்லாம் ஆடி அடங்கிய பிறகு, தையில்தான் கல் வைப்பார்கள். ‘மழை பார்ப்பது’ என்று அதற்குப் பெயர். மழை பார்க்காமல் எங்கள் ஊரில் யாரும் கோழிக்கூடுகூடக் கட்டமாட்டார்கள். அதிலும் என் அப்பா இதில் பெரிய கறார்ப் பேர்வழி. யார் மனையில் கல் இறங்கினாலும் போய் நின்று, “மழை பாத்தாச்சா?” என்று கேட்பார். இல்லையென்றால் கொத்தனார் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிவிடுவார்.

கொத்தனார் வந்து வானம் தோண்டி, செவல் போட்டு நிரவினார். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

“அப்ப நான் வாரேன் அண்ணாச்சி. ஒரு மழை பாக்கட்டும். தையில வந்து சொவர ஏத்தித் தாரேன்.”

“இல்ல. நாளைக்கே ஏத்து” என்றார் அப்பா.

கொத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களா சொல்லுதீங்க? எம் மச்சினன் வீட்டுக்குக் கல்லு வைக்க விடாம மறிச்சு நின்னது நீங்கதான?”

“அவனுக்கு நேரம் இருந்துச்சு. எனக்கு இல்ல.”

“பொறவு சொவரு வெடிச்சா எம் பேருல்லா கெட்டுப் போவும்.”

“யாரு கேட்டாலும் நான் சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லு.”

மறுநாள் கல் வைத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் மழை பார்க்கச் சொன்ன ஆளுக்கு வெயிலில் மூளை காய்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அப்பா காதில் விழாத மாதிரி மண் சுமந்தார். யாரோ பின்னால் துரத்திக்கொண்டு வருகிற மாதிரி சுமந்தார்.

நடுவில் பிட்டுக்கான குழி தோண்டுவதற்கு முன்னால் அண்ணனைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். “எவ்வளவு ஆழம் வேணும்?”

“நெஞ்சளவு இருந்தாப் போதும்பா.”

அப்பா ஒரு கரித்துண்டை எடுத்து, அண்ணன் நெஞ்சுக்கு நேராகச் சுவரில் ஒரு கோடு போட்டார். பிள்ளைக்குச் சட்டைக்கு அளவு எடுப்பது போல இரண்டு தடவை சரிபார்த்தார். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். அந்தக் கோடை முழுவதிலும் அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

சித்திரை வெயிலில் தோண்டினார்கள். கரிசல் காய்ந்து கல்லாக இருந்தது. கடப்பாறை போட்டால் டங்கென்று திருப்பி அடிக்கும். குழியின் நாலு பக்கமும் மேலிருந்து கீழ் வரை வெடிப்புகள் தெரிந்தன. சிலதில் என் கை முழங்கை வரை போனது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அண்ணனுடைய பதினாலாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று கைதவறி அதில் விழுந்துவிட்டது. கம்பியில் கொக்கி போட்டுத் தேடினோம், காந்தம் கட்டி இறக்கினோம், கிடைக்கவே இல்லை.

அப்பா அந்த வெடிப்புகளைப் பார்த்துப் பயந்துபோனார். இவ்வளவு பொந்து இருந்தால் குழிக்குள் நாலு பக்கமும் கட்டுகிற செங்கல் சுவர் எதில் சாய்ந்து நிற்கும் என்று அவருக்குக் கவலை. ஆற்று மணல் ஒரு லாரி வந்தது. வெடிப்பையெல்லாம் மணலால் அடைக்கச் சொன்னார். அம்மாவும் நானும் சுளகில் மணலை அள்ளி அள்ளிக் கொட்டினோம். குச்சியால் குத்திக் குத்தி இறுக்கினோம். சின்ன வெடிப்புகளில் சிமெண்டைக் கரைத்துப் பால் மாதிரி ஊற்றினோம். ஊற்ற ஊற்ற அது குடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பொந்து விடாமல் அடைத்து முடித்ததும் அப்பா குழிக்குள் இறங்கி நாலு பக்கமும் கையால் தட்டிப் பார்த்தார். “இனிமே அசையாது” என்றார்.

அவர் வாழ்நாளெல்லாம் அந்த மண்ணில் உழுதவர். வெடிப்பு இருந்தால்தான் மழைத் தண்ணீர் ஆழத்துக்கு இறங்கும், மண் உப்பும்போது அதற்குப் போக இடம் இருக்கும் என்று உழவின்போது அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தையெல்லாம் மணலைப் போட்டு இறுக்கிவிட்டால் உப்புகிற மண் எங்கே போகும்? பக்கவாட்டில்தான் தள்ளும். காட்டில் இது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். தன் பிள்ளைக்குக் கட்டும்போது எல்லாம் மறந்து போயிற்று. பயம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் தெரியாமல் போய்விடும் என்பதை நான் பிறகு என் வாழ்க்கையிலும் பார்த்தேன்.

ஆவணியில் பனஞ்சட்டம் போட்டுத் தகரக் கூரை ஏறியது. இரண்டு கதவு வைத்த பெரிய வாசல். உள்ளே சிமெண்டுத் தரை. சுவரில் வரிசையாக ஆணி அடித்து அண்ணன் தன் ஸ்பேனர்களைத் தொங்கவிட்டான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைச் சுண்ணாம்பால் வரைந்து வைத்தான். தொலைந்த பதினாலுக்கும் ஓர் உருவம் வரைந்தான். அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. புதுச் சிமெண்டு வாடையும் கிரீஸ் வாடையும் கலந்து அடிக்கும். எனக்கு அந்த வாடை தாழம்பூவைவிடப் பிடிக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையைக்கூட வைக்காமல் அங்கேதான் ஓடுவேன்.

அண்ணன் கோவில்பட்டி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே வேலை பார்க்க ஆரம்பித்தான். முதலில் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிறகு குளத்தூர்ப் பக்கம் உப்பு ஏற்றப் போகிற வேன் ஒன்று வந்தது. அண்ணன் வேலை செய்கிறபோது அப்பா வாசலில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளைச் சட்டை போட்ட எவனாவது பஸ்ஸிலிருந்து இறங்கினால் எழுந்து நின்றுவிடுவார். ஆள் யாரென்று தெரிந்த பிறகுதான் உட்காருவார். புரட்டாசி பிறந்ததும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐப்பசி நெருங்குகிறதல்லவா. அண்ணன் மட்டும் விசிலடித்துக்கொண்டு வேலை செய்தான். துபாய்ப் பேச்சை அவனும் எடுக்கவில்லை. போகப் போகிறவன் சந்தோஷமாக இருக்கிறான் என்று அப்பா நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரவில் படுத்தால் பச்சைத் தகரப் பெட்டி ஞாபகம் வந்து அழுவேன்.

ஐப்பசி வந்தது. ஏஜென்ட் வரவில்லை. மழை வந்தது.

நம் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷமெல்லாம் கண்ணில் காட்டாது, வந்தால் விடாது. கரிசல் குடித்தது. நடந்தால் காலில் அப்பிக்கொண்டு ஆளை ஒரு முழம் உயர்த்தியது. முதலில் ஒர்க்‌ஷாப்பின் கதவு மூட மறுத்தது. பிறகு தரையின் நடுவில் அப்பளம் உப்புகிற மாதிரி ஒரு மேடு எழும்பியது. தரையில் வைத்த நட்டு தானாக உருண்டு மூலைக்குப் போனது. எனக்கு அது விளையாட்டாக இருந்தது. நட்டுகளை உருட்டிவிட்டு எது முதலில் போகிறது என்று பார்த்தேன்.

“ஏங்க, தரை தூக்குதே” என்றாள் அம்மா.

“புதுக் கட்டடம். உக்காரும்” என்றார் அப்பா. அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் பிளஷர் கார் வந்தது. சாம்பல் நிறம். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த முதல் கார் அதுதான். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு வேண்டுமாம், கியர் பெட்டியில் சத்தம் வருகிறதாம். முதலாளியே வந்து, “தம்பி, டவுனுக்குக் கொண்டுபோனா வாரக்கணக்காகும். ஒன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அன்றைக்கு வந்த தெம்பு சொல்லி மாளாது. முதலாளியே வந்துவிட்டார், இனி இவன் எங்கே போகப் போகிறான் என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரைக் குழிக்கு மேலே நிறுத்தினார்கள். மறுநாள் காலை அண்ணன் உள்ளே இறங்கினான். வெளியே மழை கொட்டுகிறது, தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. நான் குழியின் தலைமாட்டில் குத்தவைத்து உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு.

“ஏட்டி, சொவரு வேர்த்திருக்கு பாரு” என்றான். குழியின் செங்கல் சுவரில் கையை வைத்தான். நடுவில் சுவர் வயிறு தள்ளியிருந்தது. அவன் முகம் மாறியது. “அப்பாவைக் கூப்பிடு. காரைப் பின்னால எடுக்கணும்.”

நான் எழுந்து நிற்கிறேன். மழைச் சத்தத்துக்கு நடுவிலும் முறுக்கை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பக்கச் சுவர் முழுசாக உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் கரிசல் வந்தது. நாங்கள் குத்திக் குத்தி இறுக்கிய மணலும் அதோடு வந்தது. காரின் முன் சக்கரம் ஒன்று நழுவிக் குழிக்குள் இறங்க, கார் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. அண்ணன் தலை தெரிந்தது, தோள் தெரிந்தது. நெஞ்சுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அப்பாவும் அம்மாவும் ஓடிவந்தார்கள். சாய்ந்த கார் இன்னும் ஒரு சாண் இறங்கினால் அவன் தலையில் உட்கார்ந்துவிடும். அப்பா வேப்பமரத்தடிக்கு ஓடி மாடுகளை அவிழ்த்து வந்தார். காரின் பின்னால் வடத்தைக் கட்டி மாடுகளைப் பூட்டினார். சேற்றில் மாடுகளுக்குக் கால் ஊன்றவில்லை, வழுக்கி வழுக்கி மண்டியிட்டன. கொத்தனார் ஓடிவந்தார், வேடிக்கை பார்த்துச் சிரித்தவர்களெல்லாம் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். கார் முக்கி முனகிப் பின்னால் வந்தது.

பிறகு மண்ணை எடுக்க வேண்டும். மண்வெட்டி போட்டால் அவன்மேல் பட்டுவிடும். ஈரக் கரிசல் கையில் எடுத்தால் கையை விடாது. அம்மா அடுப்படியிலிருந்து சிரட்டையை எடுத்துவந்து சுரண்டினாள். நான் வாளியில் வாங்கி வாங்கி வெளியே கொட்டினேன். கொட்டக் கொட்டப் பக்கத்திலிருந்து மண் மறுபடி வழிந்து வந்தது. அண்ணன் அழவில்லை. “அப்பா, காலு இருக்கான்னு தெரியல” என்று மட்டும் சொன்னான்.

அப்பா அவனுக்கு நேர் எதிரே குழிக்குள் மண்டிபோட்டுப் பத்து விரலாலும் பறித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெறி பிடித்த மாதிரி இருந்தது. பறித்துக்கொண்டே பேசினார்.

“நீ போயிரு எய்யா. துபாய்க்குப் போ. எங்க வேணும்னாலும் போ. நான் மறிக்க மாட்டேன். லெட்டரு போடாட்டியும் பரவாயில்ல. எங்கயாவது நல்லா இருந்தாப் போதும். இதுல இருந்து மட்டும் வெளிய வந்துரு எய்யா.”

துபாய் என்ற சொல்லை அவர் வாயில் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அண்ணன் அவரைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் காலின்மேல் கிடந்த செங்கல் அசைந்து, வலியில் மயங்கிவிட்டான்.

பிழைத்துக்கொண்டான். முதலாளியின் கார் ஓடாததால் அவரே வாடகைக் கார் அனுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் செய்தார். நல்ல மனுஷன். கார்த்திகையும் மார்கழியும் ஆஸ்பத்திரியில் போயிற்று. தையில் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது இடது கால் மற்றதைவிடக் கட்டையாக இருந்தது, முழங்கால் மடங்கவில்லை. ஏஜென்ட் அதற்குப் பிறகும் வரவில்லை. கால் போன சேதி எட்டியிருக்கும், இனி எதற்கு வருவான் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

அம்மா அதுவரை அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் வந்த அன்றைக்கு மத்தியானம் அப்பாவுக்குக் கம்மஞ்சோறு போட்டாள். அண்ணன் பக்கத்தில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

“நீங்க நெனச்சது நடந்துட்டு. இனிமே அவன் எங்கயும் போவ மாட்டான்.”

அப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. அண்ணன் ஏதாவது சொல்வான் என்று அவனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே அப்பா தனியாளாகக் குழியை மூடினார். யாரையும் கிட்டே விடவில்லை. அதற்குப் பிறகு எவர் மனையிலும் போய் நின்று “மழை பாத்தாச்சா?” என்று கேட்டதில்லை. காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அண்ணன் மறுபடி வேலையை ஆரம்பித்தபோது, கீழே உட்கார்ந்து எழுவது அவனுக்குக் கஷ்டம் என்பதால், அப்பா பக்கத்தில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். டயரைத் தூக்கிக் கொடுப்பார், ஜாக்கி வைப்பார். கலப்பையைத் தவிர எதையும் அறியாதவர் ஸ்பேனர் நம்பர் எல்லாம் படித்துக்கொண்டார். சாகிற வரை அந்தச் சாக்கில்தான் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷம். அதில் ஒருநாள்கூட அவர் அண்ணன் காலை நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை.

மருமகன் சிரித்ததும் எனக்கு மனசு சரியில்லாமல் போய், நேற்று அண்ணனைப் பார்க்கப் போனேன். இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான். தகரம் மாறியிருக்கிறது, கதவு மாறியிருக்கிறது, தொலைந்த பதினாலின் உருவத்தில் வேறொரு பதினாலு தொங்குகிறது, அவன் தலை முழுக்க நரைத்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோடை என்பதால் தரையில் வெடிப்பு கிளம்பியிருந்தது. மூடிய குழியின் நாலு ஓரத்தையும் ஒட்டி, பென்சிலால் கோடு போட்ட மாதிரி, நீளச் சதுரமாக வெடித்திருந்தது. வருஷா வருஷம் அப்படித்தானாம். அதை அவன் அடைப்பதில்லை.

மருமகன் பிட் போடப் போகிற கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பிளக்கைத் துடைத்தான்.

“அப்பா மட்டும் தை வரைக்கும் பொறுத்திருந்தா...” என்று ஆரம்பித்தேன். “அந்த ஏஜென்டு பயத்துல அவியளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு.”

அண்ணன் துடைப்பதை நிறுத்தினான்.

“ஏஜென்ட வைகாசியிலயே வரவேண்டாம்னு சொல்லிட்டேன்ட்டி.”

எனக்கு முதலில் புரியவில்லை. “எந்த வைகாசியில?”

“அந்த வைகாசியிலதான். கூரைகூட ஏறல. அப்பா மண்ணு சொமக்கதப் பாத்தேன். எப்படிப் போவ? நான் வரலன்னு சொல்லிட்டேன்.”

“அத அப்பாகிட்டச் சொல்லலையா?”

வெளியே ரோட்டில் ஒரு பைக் போனது. அவன் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

“நான் போகலன்னு தெரிஞ்சா கட்டுதத நிறுத்திருவாவளோன்னு இருந்துச்சு. மாட்டுத் தொழுவ மறுபடி போட்டுருவாவ. எனக்கு இந்த ஒர்க்‌ஷாப்பு வேணும்னு அவ்வளவு ஆசைட்டி. கட்டி முடியட்டும், ஒரு காரு வேலைய முடிச்சிட்டுச் சொல்லுவோம்னு இருந்தேன்.”

“பொறவாவது சொல்லிருக்கலாம்லா? அவிய எத்தன வருசம் இங்கன உக்காந்திருந்தாவ?”

“எப்படிச் சொல்ல?” என்றான். “அந்த அவசரமே தேவையில்லாம போச்சுன்னு தெரிஞ்சா அவிய உசுரோட இருப்பாவளா?”

அப்பாவின் சாக்கு இன்னும் அங்கே கிடந்தது. அதில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். அண்ணன் என்னைத் தேற்றவில்லை. மடங்காத காலை நீட்டி, வண்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து, கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

“பதினாலு எடு.”

எடுத்துக் கொடுத்தேன்.